காப்பாற்றியவனுக்கு ஒரு போர்வை

நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் எங்கள் ஆலையில் நொகுலுங்காவுக்குக் கழுவு கோபுரத்தில் வேலை. மேலிருந்து அமீன் கரைசல் இறங்கும், கீழிருந்து கழிவு வாயு ஏறும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷத்தைக் கரைசல் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். தாயில்லாத தங்கை லிந்திவேயை வளர்த்தவள் அவள். தங்கை புருஷன் வுசிக்கு இங்கே வேலை வாங்கித் தந்ததும் அவள்தான். எனக்கு அவனை என்றைக்குமே பிடிக்காது, அது வேறு கதை.

போன மாதம் கரைசல் வடிகட்டி அடைத்துக்கொண்டது. அவள் திறக்கப் போனாள். வுசி தள்ளி நின்று காவல். சட்டையில் மாட்டிய வாயு அலாரம் கத்தினால்தான் முகமூடி போடுவது எங்கள் ஆட்களின் திமிர். வாயு குப்பென்று வந்தது. அவள் அலாரம் கத்தவில்லை. நாற்றமும் சட்டென்று நின்றது. அந்த வாயு முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும். விழுந்தவளை வுசி முகமூடி மாட்டிக்கொண்டு வெளியே இழுத்துப் போட்டான்.

ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஞாயிறு சர்ச்சில் அவள் கையால் அவனுக்குப் போர்வை போர்த்துவதென்று முடிவானது. சனிக்கிழமை புதுப் போர்வையைக் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். ஆணியில் வுசியின் வேலைச் சட்டை, அதில் ஓர் அலாரம், அதன் ஓரத்தில் சிவப்பு நகப்பாலிஷ்.

"இது என்னோடதுடி. அடையாளத்துக்கு நான்தான் பூசினேன்."

லிந்திவே சோளக்களியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "அவரோடது செத்துப் போச்சுக்கா. ஏற்கெனவே ரெண்டு ஒடைச்சிட்டாரு. மூணாவதும் போச்சுன்னா வேலையே போயிரும்."

"அதுக்கு செத்ததை எனக்கு மாட்டி விட்டானா? நானும் அவசரத்துல பாக்கலியே."

"அவரைத் திட்டாத. நான்தான் மாத்தி வைக்கச் சொன்னேன். உனக்கு மூக்கு கூர்மை, தப்பிச்சுருவன்னு நெனச்சேன்."

"உன்ன முதுகுல கட்டி வளத்தேன்டி," என்றாள் நொகுலுங்கா.

"நாளைக்கு வந்துருவேல்லக்கா? எல்லாரும் பாப்பாங்க."

"வர்றேன். இப்ப சொன்னதை அங்க எந்திரிச்சு நீ சொல்லு. அப்புறமா அவனுக்குப் போத்துறேன்."

லிந்திவே அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.