சயாமில் சாகாத பொன்னுத்துரை

1. ஊஞ்சல் எங்கே?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னிடம் முதல் கேள்வி கேட்டவர் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வந்த ஒரு தாய்.

"ஊஞ்சல் எங்கை?"

"இது அந்தப் பூங்கா இல்லை, தங்கச்சி. யுத்தக் கைதியளின்ரை நினைவுக்குக் கட்டினது."

"அப்ப சறுக்கியும் இல்லையோ?"

"இல்லை."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கறுப்புக் கல், அதைச் சுற்றிப் புல்லு, நான்கு சீமெந்து இருக்கை, முள்ளுக்கம்பியில் செய்த ஒரு சிலை. "லண்டன்காரர் கட்டினால் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்.

என் பெயர் ஜெசிந்தா. ஊர்காவற்றுறையில் பிறந்தவள். வேலணையில் றோட்டோரம் இருக்கும் அந்தப் பூங்காவில் ஏழு வருடம் கெயார்ரேக்கராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்கு வர இருக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பூங்கா யாருக்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவுகளிலிருந்து அந்தக் காலத்தில் மலாயாவுக்கு கிளாக்கர் வேலைக்குப் போனவர்கள் பலர். அவர்களில் சிலர் அங்கே வெள்ளைக்காரரின் தொண்டர் படையில் சேர்ந்திருந்தார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது அவர்களும் கைதிகளாகி, சயாமில், இன்றைய தாய்லாந்தில், றெயில் பாதை போட அனுப்பப்பட்டார்கள். அங்கேயே இறந்துபோன பதினொரு பேரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருந்தன. வெளிநாட்டில் இருக்கும் தீவார் சிலர் ஒரு கமிற்றி அமைத்து இதைக் கட்டினார்கள். கமிற்றித் தலைவர் இராசநாயகம் ஐயா, லண்டனில் எஞ்சினியராக இருந்து ஊர் திரும்பியவர். பதினொரு பேரில் முதல் பெயர் அவருடைய பெரியப்பாவினுடையது.

என் கடமைகள் இவை: வாசலைத் திறக்க வேண்டும், புல்லு வெட்டுவிக்க வேண்டும், விசிற்றர்ஸ் புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும், உப்புக்காற்றில் அழியும் எழுத்துகளுக்கு வருடம் ஒருமுறை தங்கப் பெயின்ற் விட வேண்டும். எழுதப்படாத கடமைகள் இவற்றைவிடக் கூட. மலர்வளையத்தை ஆடு தின்னாமல் பார்க்க வேண்டும். நயினாதீவுக்குப் போகிற பஸ்காரர் மலசலகூடத்துக்காக மட்டும் இறங்கும்போது, அஞ்சலி செலுத்த வந்தவர்களை வரவேற்பதுபோல வரவேற்க வேண்டும். கலியாணத்துக்கு முதல் படம் எடுக்கும் சோடிகளை முள்ளுக்கம்பிச் சிலையிலிருந்து இறக்க வேண்டும். ஒரு மணப்பெண்ணின் சீலை முள்ளில் மாட்டி, அதை எடுக்க முக்கால் மணித்தியாலம் போனது. மாப்பிள்ளை அந்த நேரம் முழுக்க ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கலியாணம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

சாதாரண உடுப்பில் ஒரு சி.ஐ.டி.காரர் மோட்டார் சைக்கிளில் வந்ததும் நான் சேர்ந்த முதல் வருடம்தான். கொப்பி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்த யுத்தம்?"

"ரெண்டாம் உலக யுத்தம்."

"பிடிச்சது ஆர்?"

"ஜப்பான்காரர்."

"சம்பந்தப்பட்ட ஆக்கள் இப்ப எங்கை இருக்கினம்?"

"சயாமில. புதைச்சுப்போட்டினம்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். அதே கிழமை அல்லைப்பிட்டியிலிருந்து ஒரு அம்மா வந்து, எங்கள் நாட்டு யுத்தத்தில் பிடித்துக்கொண்டு போன தன் மகனின் பெயரையும் இதில் போடலாமோ என்று கேட்டார். இது வேறு யுத்தம் என்று நான் சொன்னேன். "யுத்தம் வேறதான், பிள்ளை. கொண்டு போனது ஒரே மாதிரித்தானே" என்றார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதைவிட வேறொன்றும் என்னால் செய்ய ஏலவில்லை.

2. செத்தவரின் மகள்

நான் சேர்ந்து நாலாவது வருடம், ஒரு காலை, பெயின்ற் தகரத்தோடு கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தேன். எட்டாவது பெயருக்கு வந்திருந்தேன். சி. பொன்னுத்துரை, சுருவில். பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அந்தப் பேருக்குப் பூசாதை பிள்ளை. அது பிழை."

திரும்பிப் பார்த்தேன். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். வெள்ளைச் சீலை, ஆண்கள் போடுகிற மணிக்கூடு, கையில் குடை. பெயர் பரமேஸ்வரி என்றார்.

"என்ன பிழை, அம்மா?"

"சயாமில செத்ததெண்டு கிடக்கு. அவர் என்ரை ஐயா. யுத்தம் முடிஞ்சு ஊருக்கு வந்தவர். வந்து, என்ரை அம்மாவைக் கட்டி, எங்களை நாலு பேரைப் பெத்தவர். செத்த ஆள் என்ன மாதிரிப் பெத்தவர் எண்டு உன்ரை கமிற்றியைக் கேள்."

கமிற்றியை ஏன் கேட்க வேண்டும், எனக்கே அதில் சந்தேகம் இருக்கவில்லை. அவரை இருக்கையில் இருத்தினேன். மிச்சக் கதையைச் சொன்னார்.

பொன்னுத்துரை எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். தான் கைதியாக இருந்ததை ஒருதரம் சொன்னார், யாரும் நம்பவில்லை. மலாயாவில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தவர், அதை மறைக்கத்தான் சயாம் கதை விடுகிறார் என்று ஊர் முடிவு செய்தது. பிறகு அவர் அதைப்பற்றிக் கதைத்ததே இல்லை. வரிசையில் மட்டும் அவர் நிற்க மாட்டார். சங்கக் கடையில் கூப்பன் அரிசிக்கு ஆட்கள் வரிசையில் நின்றால், பையோடு திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவார். கடைக்காரர் ஆட்களை எண்ணத் தொடங்கினால் கடைப் படியைவிட்டே இறங்கிவிடுவாராம். ஊர் அதற்கும் ஒரு பெயர் வைத்தது: மலாயாத் திமிர்.

"பள்ளிக்கூடத்தில என்னைச் சயாம் பொய்யன்ரை மகள் எண்டு கூப்பிட்டவை. அவர் செத்த வீட்டிலையும் ஒராள் அதைச் சொல்லிச் சிரிச்சவர். இப்ப பேத்தி ஃபோனில உங்கடை கல்லின்ரை படத்தைக் காட்டினவள். ஐயா கைதியா இருந்தது உண்மை எண்டு கல்லில கிடக்கு. பார்த்து அழுதனான். பேந்து மேல தலைப்பை வாசிச்சன். செத்தவராம்."

குடையால் கல்லை ஒரு தட்டுத் தட்டினார். "ஒண்டு சரி, ஒண்டு பிழை. பிழையை மட்டும் திருத்தச் சொல்லு."

3. கமிற்றி

ஞாயிற்றுக்கிழமை கமிற்றி கூடியது. நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தன் தகப்பனின் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டு வந்திருந்தார். ஒரு ஆள் பிறகுதான் செத்தார் என்பதைக் காட்டி, முந்திச் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டி வந்தது.

இராசநாயகம் ஐயா பத்திரத்தை இரண்டு முறை வாசித்தார். மனிதர் நேர்மையானவர், அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. பிழையை ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு, "அப்ப பேரை எடுத்துப்போடுவம்" என்றார்.

பரமேஸ்வரி அம்மாவுக்கு விளங்கவில்லை. "எடுக்கிறதோ? ஏன்?"

"இது சிறையில உயிர்விட்டவையளின்ரை கல், அம்மா. கமிற்றியின்ரை யாப்பில, விதியில, அப்பிடித்தான் இருக்கு. உங்கடை ஐயா திரும்பி வந்திட்டார்."

"உயிரோடை வந்தது குற்றமோ, தம்பி?"

தம்பி என்று அழைக்கப்பட்டுப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். ஐயா கொஞ்சம் தடுமாறினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வந்தவையளுக்கு வாழ்க்கை கிடைச்சது, அம்மா. என்ரை பெரியப்பாவுக்கு இந்தக் கல்லு மட்டும்தான் கிடைச்சது."

"வாழ்க்கை கிடைச்சதெண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

இரண்டு பேர் சொன்னதும் சரி என்று எனக்குத் தோன்றியது. செயலாளர், கமிற்றிகள் வழமையாகச் செய்வதைச் செய்தார். விசயத்தை ஒத்திவைத்தார். அடுத்த மாதம் ஒரு தூதரகத்திலிருந்து விருந்தாளி மலர்வளையம் வைக்க வருகிறார், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார்.

அம்மா போன பிறகு ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்டைக்கு மட்டும் அந்த அம்மாவை வரவேண்டாம் எண்டு நீர் சொல்லும். வெள்ளைக்காரனுக்கு முன்னால வில்லங்கம் வேண்டாம்."

நான் சுருவிலுக்குப் போய் அப்படியே சொன்னேன்.

"எண்டைக்கு வரக்கூடாது?"

"வாற மாசம் ரெண்டாம் வெள்ளி."

"எத்தினை மணிக்கு?"

"காலமை ஒன்பதரைக்கு."

"சரி" என்றார். இதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

4. மலர்வளையம்

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியும் இரண்டு ஓட்டோவும் வந்து நின்றன. பரமேஸ்வரி அம்மா, தம்பிமார் இருவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கைக்குழந்தை ஒன்று. மொத்தம் பதினேழு பேர். எல்லாரும் நல்ல உடுப்பு. அவர்கள் வரிசையாக நிற்கவில்லை, கூட்டமாகத்தான் நின்றார்கள். இராசநாயகம் ஐயா என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்று விளங்கியது.

அன்றைக்கு வர வேண்டிய மொழிபெயர்ப்பாளரின் மோட்டார் சைக்கிள் பண்ணைப் பாலத்தில் காற்றுப் போய் நின்றுவிட்டது. கொன்வென்ற்றில் படித்த இங்கிலீசு எனக்கு இருந்தது. வேறு வழியில்லாமல் என்னை முன்னுக்கு விட்டார்கள்.

விருந்தாளி உயரமான, எழுபது வயது தாண்டிய மனிதர், முன்னாள் படை அதிகாரி. வளையத்தை வைத்து, தலை குனிந்து நின்று, பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். எங்கள் பெயர்கள் அவர் வாயில் பட்ட பாடு சொல்ல ஏலாது. ஆனால் ஒன்றையும் விடவில்லை. எட்டாவதை வாசித்தபோது கூட்டத்தில் ஒரு சின்னப் பெட்டை, "அது எங்கடை பூட்டன்" என்றாள்.

விருந்தாளி திரும்பி, இவர்கள் யார் என்று கேட்டார்.

ஐயா என் காதுக்குள், "சொந்தக்காரர் எண்டு சொல்லும், காணும்" என்றார்.

என் சம்பளத்தை நம்பி, என்னைக் கட்டின மனிசன் வீட்டில் படுக்கையில் கிடந்தார். ஆனாலும், பெத்த தகப்பனைச் செத்தவராக்கி நிற்கிற கல்லுக்குப் பக்கத்தில் பதினேழு பேர் நிற்கும்போது, வெறும் 'சொந்தக்காரர்' என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கிலீசில் சொன்னேன்: இவர் பொன்னுத்துரையின் மகள். சயாமில் தகப்பன் செத்துவிட்டதாக இந்தக் கல் சொல்கிற காலத்துக்குப் பிறகு பிறந்தவர். மற்றவர்கள் இவருடைய குடும்பம்.

என் இங்கிலீசில்தான் பிழை என்று நினைத்து அவர் திரும்பக் கேட்டார். நான் திரும்பச் சொன்னேன், முழுக்கதையையும். பேரை எடுக்கப்போகிறார்கள் என்பதையும் சேர்த்து.

அவர் பரமேஸ்வரி அம்மாவுக்குக் கிட்டப் போனார். "வீட்டில் உங்கள் அப்பா எப்படி இருந்தார்?" என்று கேட்கச் சொன்னார். அம்மா வரிசைக் கதையைச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

விருந்தாளி சொன்னார், தன் தகப்பனும் அதே றெயில் பாதையில் இருந்தவராம். திரும்பி வந்தவராம். முகாமில் காலில் போட்ட சப்பாத்தைக் களவெடுத்துவிடுவார்கள் என்று பழகியதில், சாகும்வரை சப்பாத்தோடுதான் கட்டிலில் படுத்தாராம். தன் தாய் ஒவ்வொரு இரவும் அவர் காலடியில் ஒரு சாக்கை விரித்துவிடுவாராம். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்களாம். அவருடைய பெயர் உலகத்தில் எந்தக் கல்லிலும் இல்லையாம்.

"இவரின்ரை தேப்பனுக்கு என்ன பேர் எண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். அவர் சொன்ன பெயரை அம்மா மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மூன்று தரமும் வேறு வேறு பெயராக வந்தது. அந்த மனிதர் அழுதுகொண்டே சிரித்தார்.

விருந்தாளி போன பிறகு ஐயா கேட்டார், "நீர் இஞ்சை கெயார்ரேக்கரோ, மொழிபெயர்ப்பாளரோ?"

"இண்டைக்கு ரெண்டும், ஐயா."

"ஞாயிறு கமிற்றிக்கு வாரும்."

5. இரண்டாவது கல்

விலக்கல் கடிதம் வாங்கப் போகிறேன் என்று சாவிக்கொத்தைக் கையோடு கொண்டு போனேன். ஐயா என்னைப் பார்க்காமலே ஒரு பிரேரணையை வாசித்தார். திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு கல், பொன்னுத்துரையின் பெயர் அதற்கு மாறும். செயலாளர் யாப்பைத் தூக்கினார். "யாப்பை எழுதினது நான்தான்" என்றார் ஐயா, "எனக்கு அப்ப இது தெரியாது." அதோடு முடிந்தது. சாவியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

முதல் கல்லின் பெயர்களைப் பழைய கடிதங்களைப் பார்த்து வெட்டுவித்த ஐயா, இந்த முறை அவற்றை நம்பவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். வேலணை, சுருவில், நெடுந்தீவு வரை. பல வீடுகளில் பூட்டுத் தொங்கியது, சில வீடுகளில் நாய் துரத்தியது. ஆனால் கதவு திறந்த வீடுகளில், யாராவது ஒரு ஐயாவைப்பற்றி, ஒரு அப்புவைப்பற்றி, இதுவரை யாரும் கேட்காத கதை இருந்தது. கடைசியில் இரண்டாவது கல்லில் பெயர்கள் முதல் கல்லைவிடக் கூடிவிட்டன.

நான் படித்த பாடம் இதுதான். நினைவுச் சின்னத்தில் வேலை செய்கிறவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. கல்லில் இருக்கும் ஆளின் வீடு எங்கே என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே போய்க் கதவைத் தட்ட வேண்டும். சொல்லச் சொன்னதைவிட ஒரு வசனம் கூடச் சொல்ல வேண்டிய நாள் வரும், அன்றைக்குச் சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்தால் பயம் குறையும்.

கல் நட்ட அன்று பரமேஸ்வரி அம்மா தன் தகப்பனின் பெயரை விரலால் தடவி வாசித்தார். நானும் அப்போதுதான் கவனித்தேன். பொன்னுத்துறை என்று வெட்டியிருந்தார்கள். ரகரம் போட வேண்டிய இடத்தில் றகரம்.

"எழுத்துப் பிழை, அம்மா. மாத்தச் சொல்லட்டோ?"

"சும்மா இரு, பிள்ளை" என்றார் அவர். "திருத்தப் போனால் பேந்தும் ஒருக்கால் சாகடிச்சுப் போடுவினம்."