ஒரே எண்ணில் இரண்டு பெட்டி, எங்களுக்குத் திருட்டுப் பட்டம்

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது இது. அப்போது திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நானும் என் மகளும் மட்டும்தான். வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு, கம்ப்யூட்டரில் டைப் அடித்து அனுப்புவது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் இன்டர்நெட் இணைப்பு வாங்கியிருந்தோம். குறித்த நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். எங்கள் அடுப்பு எரிந்தது அந்த வேலையில்தான்.

ஐப்பசி மழையில் இடி இறங்கி, இணைப்புப் பெட்டி செத்துப்போனது. மோடம் என்பார்கள். அதன் தலையில் மகள் பழனியில் வாங்கிய முருகன் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். கம்பெனி லைன்மேன் வந்து அதைக் கழற்றிக்கொண்டு, வேறு பெட்டி மாட்டிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. கெட்டிக்காரர் என்று நினைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன்.

கார்த்திகை பிறந்ததும் சனி பிடித்தது. இன்டர்நெட் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பாதி அனுப்பும்போது அறுந்துபோகும். மகள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவாள். புகார் கொடுத்தோம். லைன்மேனோடு ஓர் ஆபீசரும் வந்தார். வீட்டுக்குள் வரக்கூட இல்லை. சந்தில் நின்றபடியே சத்தமாகக் கேட்டார்.

"ஏம்மா, உங்க பெட்டி நம்பரு எங்க மிஷின்ல ரெண்டு எடத்துல காட்டுது. யாருக்கு லைன் குடுத்திருக்கீங்க?"

"யாருக்கும் குடுக்கல சார்" என்றாள் மகள்.

"ஒரு லைன வாங்கி ரெண்டு வீட்டுக்கு இழுக்கிறது இந்த ஊர்ல புதுசா? பொய் சொல்லாதம்மா."

எங்கள் சுவர், மொட்டை மாடி, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். ஒரு வயரும் அகப்படவில்லை. அத்தோடு விட்டிருக்க வேண்டாமா? "கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை, நம்பரைத் திருடி வேற யாருக்கோ குடுத்திருக்கும்" என்று சொல்லி, கம்பத்தில் ஏறி எங்கள் வயரை வெட்டச் சொன்னார். சந்தே வேடிக்கை பார்த்தது. நான் காபி கொடுத்த லைன்மேன் வாயைத் திறக்காமல் வெட்டிவிட்டு இறங்கினார்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வெளி ஆட்களிடம் பேசவே கூசுவேன். அன்றைக்கும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வந்து, "ஏக்கா, ஒங்க வீட்டுக் களவுக்கு எங்க செவத்த எதுக்குக்கா தடவுறாய்ங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

மகள் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, அந்தக் கூச்சலில் டாக்டர் பேச்சைக் கேட்டு டைப் அடித்தாள். தப்பும் தவறுமாகப் போனது. இன்னொரு தடவை இப்படியென்றால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு வழியில்லை. நானே டவுன் பஸ் ஏறிக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அந்த ஆபீசர் என்னைக் கண்டும் காணாததுபோலக் காக்க வைத்தார். நான் மூலையில் இருந்தபோது, என்னைவிடக் கொஞ்சம் இளைய ஓர் அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"சார், அந்தக் கள்ளச்சியப் புடிச்சு வயர வெட்டுனீகள்ல, அதுலருந்து, நின்னு நின்னு ஓடுன நம்ம லைனு சும்மா பறக்குது சார். துபாயில இருக்கிற எம்மகன் மொகம் அம்புட்டுத் தெளிவாத் தெரியுது. நல்லா இருப்பீக!"

எப்படி எழுந்தேனோ தெரியாது.

"அந்தக் கள்ளச்சி நாந்தாம்மா" என்றேன்.

அந்த அம்மா திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, "என்னக்கா சொல்றீக?" என்று மெதுவாகக் கேட்டார். இடி விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீட்டுக்கு எப்போது இணைப்பு வந்தது என்று கேட்டேன். கார்த்திகை முதல் வாரமாம்.

"புதுப் பெட்டி இல்லக்கா, ரிப்பேர் பாத்த பெட்டின்னு சொல்லித்தான் மாட்டுனாரு. மேல பழனி முருகன் ஒட்டியிருந்துச்சு. நாங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. ஆனாலும் சாமி படத்தக் கிழிக்க மனசு வரல. அப்படியே இருக்கு."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். லைன்மேனைக் கூப்பிட்டு அதட்டியதும் உண்மை வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி எண் உண்டாம். புதுப் பெட்டியின் எண்ணை மதுரை ஆபீசில் பதிய நாளாகும் என்று, எங்கள் பழைய பெட்டியின் எண்ணையே புதுப் பெட்டியிலும் ஏற்றியிருக்கிறார். பழையது ரிப்பேராகி வந்ததும் அதன் எண்ணோடு அந்த அம்மா வீட்டில் மாட்டிவிட்டார். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? அதேதான்.

"சரி விடுங்கம்மா, சின்ன மிஸ்டேக்கு. சாயங்காலம் லைன் வந்துரும்" என்றார் ஆபீசர்.

"சின்னதாய்யா? எம்மகளத் திருடின்னு சந்து முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னீகளே, அது சின்னதா? வந்து அதே எடத்துல நின்னு, திருடலன்னு சொல்லிட்டுப் போங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் போனை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் லைன் வந்தது. ஆபீசர் வரவில்லை. ஆனால் அந்த வேதக்கார அம்மா ஆட்டோ பிடித்து வந்தார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "இந்த அக்கா களவாங்கல, கம்பெனிக்காரன் ஒரே நம்பர ரெண்டு வீட்டுக்குப் போட்டுட்டான். நானே சாட்சி" என்று சந்தே கேட்கும்படி சொன்னார். அது அவர் வேலையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டு, "வாங்கக்கா, காபி குடிச்சிட்டுப் போங்க" என்று அந்த அம்மாவையும் என்னையும் கூப்பிட்டாள். மகளின் வேலையும் தப்பியது.

பிறகு மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் மகளிடம் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிந்தது. ஒரே எண் இரண்டு இடத்திலிருந்து வந்தால், இரண்டாவதை உள்ளே விடாமல் தடுத்து, ஆபீசுக்கும் தெரியப்படுத்தும் வசதி அவர்களுடைய பெரிய மிஷினிலேயே இருக்கிறதாம். அதை யாரும் போட்டுவிடவே இல்லையாம்! அவர் வந்துதான் போட்டுவிட்டார். கையில் இருந்த காவலைச் சும்மா வைத்துவிட்டு எங்கள் சுவரைத் தடவியிருக்கிறார்கள். அதற்கு ஒரு மன்னிப்பு இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

லைன்மேன் வயரைச் சரிசெய்ய எத்தனையோ தடவை வந்தார், அவருக்குக் காபி கொடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்றைக்கும் என் காதுபட யாரையாவது திருடன், திருடி என்று யாராவது சொன்னால், கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க கண்ணால பாத்தீகளா?" என்று கேட்காமல் நான் நகர்வதில்லை.