மூன்று எண்ணும்வரை

எங்கள் டிஸ்கோ குழுவில் நான்கு பெட்டைப் பிள்ளைகள் இருந்தோம். நால்வருக்கும் பாடத் தெரியாது. மாமா அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவின் கடைசித் தம்பியான அவர், கனடா வருவதற்கு முன் ஜெர்மனியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவர். பக்கத்துக் கட்டடத்தில் பாட்டுப் பதிவு செய்வார்களாம். அங்கே சாப்பாடு கொண்டுபோனபோது, தொலைக்காட்சியில் மினுங்கும் சட்டையோடு ஆடுகிற ஆள் வேறு, கண்ணாடி அறைக்குள் நின்று பாடுகிற ஆள் வேறு என்பதைக் கண்டுவிட்டார். வேறு யாராவதென்றால் மனம் விட்டுப்போயிருக்கும். மாமாவுக்கோ அது ஞானம் கிடைத்த மாதிரி. “ஆடுறவை ஆடட்டும், பாடுறவை பாடட்டும். சனத்துக்கு அதிலை என்ன நட்டம்?” என்பார்.

எங்கள் வீட்டில் பாடக்கூடியவர் சித்தி ஒருவர்தான். ஸ்காபரோவில் பத்தாம் மாடியில் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் ஏழு பேர் இருந்தோம். சித்தப்பா ஊரிலிருந்து வெளிக்கிட்டு எட்டு மாதமாகியிருந்தது. கனடாவில் சேர்ப்பதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் அவரை வழியில் ஏதோவொரு நாட்டில் ஓர் அறைக்குள் வைத்திருந்தான். சனிக்கிழமைப் பின்னேரங்களில் மட்டும் போன் எடுக்க விடுவான். இரண்டு மாதம் ஒழுங்காக அழைப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. சித்தி வாரம் முழுவதும் பாண் சுடும் தொழிற்சாலையில் நிற்பார். சனிக்கிழமைகளில் மட்டும் குப்பை போடக்கூடக் கீழே இறங்கமாட்டார்.

கலியாண வரவேற்புகளெல்லாம் சனிக்கிழமைகளில்தான் நடந்தன. ஆகவே சித்தியின் குரலை வீட்டிலேயே கசெற்றில் பதிந்து, மேடைக்கு என்னையும் பெரியம்மாவின் மகள்கள் மூவரையும் அனுப்புவதென்று மாமா முடிவுசெய்தார்.

மாமாவுக்கும் சனிக்கிழமைதான் லீவு. குளிர்கால ஜக்கெட்டுகள் தொங்கிய அலுமாரிக்குள் சித்தியை நிற்கவைத்தார். ஜக்கெட்டுகள் வெளிச்சத்தத்தைக் குடித்துவிடுமாம்.

“கதவைச் சாத்துங்கோ சின்னக்கா.”

“சாத்தினா போன் கேளாது. வேணுமெண்டா நீ நிண்டு பாடு.”

“நான் பாடினா சனம் பொலிசைக் கூப்பிடும்.”

கதவு திறந்தபடியே பதிவு நடந்தது. மாமா இரவல் கீபோர்டில் தாளத்தைப் போட்டார். சித்தி ஒரே தடவையில் பாடி முடித்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டார். இரண்டாம் தரம் பாடச் சம்மதிக்கவில்லை.

எங்களுக்கு மாமா தந்த பயிற்சி விசித்திரமானது. “வாய் பிழைச்சாலும் சனம் பாக்காது. மூச்சுப் பிழைச்சா பிடிபட்டிடுவம். சித்தி எங்கை மூச்சை இழுக்கிறாவோ அங்கை இழுங்கோ.” ஸ்பீக்கரில் காதை வைத்து அந்த மூச்சுகளைப் பாடமாக்கினோம். எந்தச் சொல்லுக்கு முன் சிறு மூச்சு, எந்தச் சொல்லுக்கு முன் பெரிய மூச்சு என்பதெல்லாம் எங்களுக்குத் தண்ணீர்பட்டபாடு. மூன்றாம் சரணத்தின் தொடக்கம் மட்டும் விளங்கவில்லை. அங்கே சித்தி மூச்சை இழுப்பார், ஆனால் பாட்டு வராது. தாளம் மூன்று அடி தனியாக ஓடும். அதன் பிறகுதான் குரல் வரும், கொஞ்சம் சோர்ந்து.

“உது ஸ்டைல்,” என்றார் மாமா. “தோளைத் தூக்கி, சிலை மாதிரி நில்லுங்கோ. மனசுக்குள்ளை மூண்டு எண்ணுங்கோ.”

அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி. அம்மா தன் பழைய சரிகைச் சேலையை வெட்டி நான்கு சட்டை தைத்திருந்தார். மூன்றாம் சரணத்தில் நால்வரும் ஒன்றாக மூச்சை இழுத்து உறைந்துபோய் நின்றோம். மண்டபமும் உறைந்தது. பிறகு ஒரே விசில். அந்த இடத்துக்காகவே மறுபடியும் ஆடச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சித்தி போனுக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கசெற்றைப் போட்டு அவருக்கும் ஆடிக் காட்டினோம். நாங்கள் உறைந்து நின்ற இடத்தில் அவர் கையும் நின்றது.

“எடி பிள்ளையள்,” என்றார் சித்தி, “உதிலை பக்கத்து வீட்டுப் போனெல்லே அடிச்சது. எங்கடையெண்டு நினைச்சுப்போட்டன்.”

நாங்கள் கார்ப்பெற்றில் விழுந்து புரண்டு சிரித்தோம். மாமா, “நல்லவேளை அடிச்சது” என்றார். சித்தியும் சிரித்தார். அதன்பின் அவர் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் ஒருத்தி ‘ட்ரிங்’ என்பாள். மற்ற மூவரும் தோளைத் தூக்கி நிற்போம். ஒருநாளும் அவர் எங்களை ஏசவில்லை.

நான் நெடுத்து, சட்டை முழங்காலுக்கு மேலே ஏறியதும் குழு கலைந்தது. சித்தப்பாவிடமிருந்து போன் வரவில்லை. நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். காளான் பண்ணை, மீன் தொழிற்சாலை என்று அலைந்து, இப்போது நாட்டின் குறுக்கே ட்ரக் ஓட்டுகிறேன். சித்தி ஒஷாவாவில் இருக்கிறார். வீடு நான்கு தரம் மாறியும் அந்தப் பழைய நம்பரை மாற்றவில்லை.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், வின்னிப்பெக்கில் லோட் இறக்கக் காத்திருந்தபோது அவரை அழைத்தேன். முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டார். ‘அலோ’ சொல்லவில்லை. மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூச்சை எனக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று என்னையறியாமல் எண்ணினேன். பாட்டு வரவில்லை.

“சித்தி, நான்தான்.”

“ஓ, நீயோ பிள்ளை. சாப்பிட்டியோ?” குரல் கொஞ்சம் சோர்ந்து வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எடுக்கிறேன். நாலைந்து மணி அடித்தபிறகு, ஆறுதலாக வந்து ‘அலோ’ என்பார்.

மூச்சைப் பிடித்து நிற்பதில் நால்வரிலும் நான்தான் கெட்டிக்காரி என்று மாமா சொல்வார். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று எண்ணியதும் அதை விட்டுவிடலாம் என்பதுதான்.