எதிர் மாடி மிஸ்ஸும் என் பேனரும்

இங்கிலீஷ் சொல்லித் தருவதும் உப்பு விற்பதும் ஒன்று. எல்லோருக்கும் வேண்டும், யாரும் புகழ்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மாடியறை பிடித்து டியூஷன் நடத்தும் சக பாவிகளுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மரக்காணம் கடைத்தெருவில் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றால் பல வருஷமாக நான் ஒருத்தன்தான். அப்புறம் எதிர் மாடியில் ஜெனிட்டா என்று ஒரு பெண், பாண்டிச்சேரியில் படித்துவிட்டு வந்து, இன்னொரு கிளாஸ் திறந்தாள். அன்றிலிருந்து போட்டிக்கு இங்கிலீஷில் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் என் வயிற்றில் எரிந்தது.

காம்பெடிஷன்

இதுதான் பொதுச்சொல். வேலைக்குப் போட்டி, கடைக்குக் கடை போட்டி, கோலப் போட்டி, எதற்கு வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நம்மோடு மோதுகிற ஆளையே 'தி காம்பெடிஷன்' என்று சொல்வதும் உண்டு என்றபோது கண் தானாக ஜன்னலுக்குப் போய்விட்டது. எதிரே ஜெனிட்டா ஏதோ சொல்ல, மொத்த கிளாஸும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. பாடத்தில் சிரிக்க என்னங்க இருக்கிறது? என் கிளாஸில் இத்தனை வருஷத்தில் ஒருத்தன் பல்லைக் காட்டியதில்லை. அதை நான் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே டீக்கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். இந்த ஊருக்கு ஒரு இங்கிலீஷ் கிளாஸ் பத்தாதா என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒரு தெருவுல ரெண்டு டீக்கடை இருந்தாதான் சார் ரெண்டுலயும் டீ நல்லாருக்கும்."

கான்டெஸ்ட்

கான்டெஸ்ட் என்றால் பெரும்பாலும் யாராவது பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டிக்கு ஜட்ஜ். எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போடுகிற ஜனம். அதனால்தான் எலெக்‌ஷனில் நிற்பதையும் கான்டெஸ்ட் பண்ணுவது என்கிறோம்.

எனக்கு ஜட்ஜ் என் மாணவி கவிதா. அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார், இவள் நர்ஸிங் முடித்தவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு இங்கிலீஷில் இன்டர்வியூ இருந்தது. அவள் செலக்ட் ஆனால் போட்டோவோடு பேனர் கட்டலாம், கிளாஸ் பிழைக்கும். இல்லாவிட்டால் மாடியைக் காலி பண்ண வேண்டியதுதான். 'திஸ் இஸ்' என்பதிலிருந்து என்னிடம் படித்த அந்தப் பெண், இன்டர்வியூ நெருங்குகிற நேரம் பார்த்து எதிர்ப் படியில் ஏறிவிட்டாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெற்ற பெண் சொல்லாமல் போனால்கூட அப்படி வலித்திருக்குமா தெரியாது.

இருந்த கோபத்தில், கான்டெஸ்டுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கடா என்று மிச்சமிருந்த பையன்களிடம் கத்தினேன். அனுமந்தையிலிருந்து வருகிற சுரேஷ் எழுந்தான். "எங்க சித்தப்பா பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல கான்டெஸ்ட் பண்ணாரு சார். எங்க வூட்டு ஓட்டே அவருக்கு விழல."

ரேஸ்

ரேஸ் என்றால் முந்துவது. ஆளோடு ஆள்தான் என்றில்லை, நேரத்தோடு ஓடுவதும் ரேஸ்தான். இதை நான் சொல்லித் தரவே வேண்டியிருக்கவில்லை. பாடம் பாதியில் இருக்கும்போது கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள் நோட்டை மூடிவிட்டு ஓடினார்கள். மழை விழுவதற்குள் குவித்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடியாக வேண்டும். விட்டால் சீசன் உழைப்பு தண்ணீரோடு போய்விடும்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன். எதிர் மாடியிலும் விளக்கு அணைந்தது. கிளாஸ் பிள்ளைகளோடு அவளும் உப்பளத்துக்குப் போயிருக்கிறாள் என்று மறுநாள்தான் தெரிந்தது. என் கிளாஸ் பூராவும் அவள் பேச்சுதான். சரி, அப்படி என்ன பெரிதாகக் கிழித்துவிட்டாள் என்று கேட்டேன். பின் பெஞ்சுப் பெண் சொன்னாள்: "ஒண்ணுமே பண்ணல சார். சேத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. எங்கம்மாதான் தூக்கி வுட்டு, வூட்டுக்குக் கூட்டினு வந்து சோறு போட்டுச்சு."

ரைவல்ரி

ரைவல்ரி ஒருநாள் கூத்து இல்லை. ரொம்ப நாளாக ஒருத்தர் மேல் ஒருத்தர் கண்ணாக இருப்பது. மேட்ச் முடிந்தால் கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம், இதில் அது நடக்காது.

கவிதா செலக்ட் ஆகிவிட்டாள். நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டே, உங்களுக்குத் தெரியாததா? ஒரு பிள்ளை பாஸ் பண்ணினால் இருக்கிற சென்டர் எல்லாம் அதே போட்டோவைப் போட்டு 'எங்கள் மாணவி' என்று பேனர் கட்டும். எதிர் மாடி முந்திக்கொள்ளுமே என்ற பதைப்பில் அன்றைக்கே திண்டிவனம் ஓடி பேனர் அடித்து வாங்கிவந்து, தெருவை அடைக்கிற மாதிரி கட்டினேன். ஜெனிட்டாவும் கட்டட்டும், நாலு பேர் முன்னால் கேட்டுவிடுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் கட்டவேயில்லை. அது இன்னும் தாங்க முடியவில்லை. கடைசியில் மானத்தை விட்டு எதிர்ப் படி ஏறி, ஏம்மா, நீ பேனர் போடலையா என்று கேட்டேன். அவள் நாற்காலி எடுத்துப் போட்டு, உட்காருங்க சார் என்றாள். அப்புறம் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்:

"இங்கிலீஷ் பூரா நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார், கவிதா நல்லாவே வெச்சிருந்தா. வாயத் தொறந்தா நீங்க திட்டுவீங்கன்னு ஒரு பயம் இருந்துச்சு, அத மட்டும்தான் நான் எடுத்தேன். அதுக்குப் போயி எப்படி சார் பேனர் போடுறது?"

பேனர் யார் மாடியில் தொங்குகிறதோ அவன்தான் ஜெயித்தவன் என்று நம் தொழிலில் ஊர் நம்புகிறது, நான் மட்டும் தினமும் அதன் கீழே தலையைக் குனிந்துகொண்டு படியேறுகிறேன்.