காரிமங்கலத்தில் கன்றை முதலில் விற்றவர்

விடிவதற்கு முன்பே அதியமான்கோட்டையில் பஸ் ஏறினோம், நானும் உங்கள் சவரி மாமாவும். உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் கூட்டிப் போக முடியவில்லை. அதனால் பார்த்ததை எழுதுகிறேன். மாமா கறவை மாடு வாங்கப் போனார், நான் துணைக்கு. தர்மபுரியில் பஸ் மாறி, ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் டிக்கெட் எடுத்துக் காரிமங்கலத்தில் இறங்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சந்தை. ஆடுகள் ஒரு பக்கம், மாடுகள் ஒரு பக்கம். தரகர்கள் ஆட்டின் இடுப்பைப் பிடித்துப் பார்த்தே எடை சொல்கிறார்கள். பத்துக் கிலோ கறி தேறும் என்று சொன்ன வெள்ளாட்டுக் கிடா எட்டாயிரத்துக்குப் போனது. செம்மறிக் குட்டி ஜோடி ஏழாயிரம். கலப்பினக் கறவை மாடு முப்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை. ஆடு விலை ஏறியிருக்கிறது, மாடு இறங்கியிருக்கிறது என்றார் டீக்கடைக்காரர்.

"மழை இல்ல, தீவனம் இல்ல. மாட்ட ஓட்டிட்டு வர்றவங்க ஜாஸ்தி. ஓட்டிட்டுப் போறவங்கதான் கம்மி" என்று சொல்லி டீக்குப் பன்னிரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஏழு மணிக்கு மாமாவுக்கு ஒரு செவலை மாடு பிடித்துப்போனது. இரண்டாவது ஈத்து, அதாவது இரண்டாவது கன்று போட்டது. பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து மாதையன் என்பவரும் அவர் மனைவி முனியம்மாவும் கொண்டுவந்திருந்தார்கள். மறுநாள் இருவரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிறார்கள். வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. விற்காமல் திரும்ப முடியாது.

"வேளைக்கு நாலரை லிட்டர் குடுக்குங்க" என்றார் முனியம்மா.

"கறந்து காட்டும்மா. நாப்பதாயிரம் குடுக்கறேன்" என்றார் மாமா. கறந்து பார்க்காமல் இந்தச் சந்தையில் யாரும் கறவை மாடு வாங்குவதில்லை.

முனியம்மா உட்கார்ந்தார். மாடு காலை உதறியது, பாலை அடக்கிக்கொண்டது. அரை டம்ளர்கூட வரவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கன்னுக்குட்டி எங்க?"

"அத நீ டீ குடிக்கப் போனப்பவே வித்துட்டேன்" என்றார் மாதையன், சந்தோஷமாக. "காளைக் கன்னு. மூவாயிரம்!"

"அது மூஞ்சியப் பாக்காம இந்த மாடு என்னைக்குப் பால் உட்டுச்சு? நீ ஒருநாளாவது கறந்திருந்தா தெரியும்!"

"கன்னுக்குப் பதிலா மாதையனக் கட்டிப் பாரும்மா" என்றார் பக்கத்தில் நின்ற தரகர். எல்லோரும் சிரித்தார்கள். முனியம்மா சிரிக்கவில்லை. அதே தரகர்தான் அடுத்ததாக மாட்டை இருபத்தாறாயிரத்துக்குக் கேட்டார்.

மாமாவை நிற்கச் சொல்லிவிட்டுக் கணவனும் மனைவியும் கன்றைத் தேடி ஓடினார்கள். நானும் போனேன். சந்தை வாசலில் ஒரு மினி லாரியில் அது மற்றக் கன்றுகளோடு ஏற்றப்பட்டிருந்தது. அந்த லாரி எங்கே போகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கறிக்குத்தான்.

வியாபாரி ஐயாயிரம் கேட்டார்.

"காலைல மூணுதானங்க குடுத்தீங்க?"

"காலைல அது உனக்கு வேணாம். இப்ப வேணும்."

கறந்துவிட்டுத் திருப்பித் தருவதாக மாதையன் கெஞ்சினார். பத்து நிமிடம் இரவல் கேட்டும் வியாபாரி தரவில்லை. கடைசியில் முனியம்மா, பெங்களூர்ச் செலவுக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்து மீட்டார். லாரி புறப்பட நின்றதால்தான் வியாபாரி அந்த அளவாவது இறங்கினார்.

அவிழ்த்துவிட்டதும் கன்று தாயிடம் ஓடி மடியை முட்டியது. கொஞ்ச நேரத்தில் அதன் வாயோரம் நுரை கட்டியது. அதை விலக்கிவிட்டு முனியம்மா கறந்தார். மாமா அளந்து பார்த்தார். நாலரை லிட்டருக்குக் குறையவில்லை.

"கன்னையும் சேத்து நாப்பதுன்னு வெச்சுக்கலாம்" என்றார் மாமா.

"மாட்டுக்குத்தாங்க நாப்பது சொன்னீங்க. கன்ன நான் இப்பத்தான் காசு குடுத்து வாங்கியிருக்கேன். உங்க மச்சானே பாத்தாரு."

நான் ஆமாம் என்றேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்பத்தோராயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. முனியம்மா தன் பழைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார். கயிற்றோடு மாட்டைக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. மாமா புதுக் கயிறு வாங்கிக் கட்டினார்.

திரும்பும்போது மாட்டுக்காகப் பிடித்த குட்டி வண்டியில், தர்மபுரி வரை அவர்களும் எங்களோடு வந்தார்கள். வாடகை ஆயிரத்து இருநூறு. நம் தெருக் கடையில் எல்லாவற்றிலும் விலைச் சீட்டு ஒட்டியிருக்கும். காலையில் ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று என்று இல்லை. அதை நினைத்துக்கொண்டு வந்தேன். மாதையன் வழியெல்லாம் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். பஸ் ஸ்டாண்ட் நெருங்கும்போது அவர் முகம் தெளிந்தது.

"எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா நாப்பதாயிரம் நிக்குது. நமக்கு நட்டமே இல்ல, தெரியுமா?"

முனியம்மா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"பெங்களூருல ரெண்டு பேரு சம்பளத்தையும் நான் வாங்கிக்கறேன். நீ கணக்குப் பாத்துக்கிட்டு இரு."