கோல் காப்பாளரின் பதிவு

“வருகை முப்பத்தொன்பது. நேரில் ஒன்பது.” எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பொதுச்சபைக் கூட்டக் குறிப்பேட்டில், சென்ற தை மாதப் பக்கத்தில் இப்படி இருக்கிறது. திகதிக்குரிய இடத்தில் செயலாளர் ‘பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு’ என்று மட்டும் எழுதியிருந்தார். சரியான திகதியை நான் பென்சிலால் ஓரத்தில் குறித்தேன்.

எங்கள் ஊரான மடத்துவெளிக்கு அப்பால் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்காது. கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போது, வெளிநாட்டில் இருப்பவருக்காக அவர் வீட்டார் ஒருவர் ‘ஓம்’ என்பார். அதுவும் வருகைதான். மூன்று கூட்டங்களில் யாரும் ‘ஓம்’ சொல்லாத பெயர் வெட்டப்படும். ஒரு பெயருக்கு நான் பதினெட்டு ஆண்டுகளாக ‘ஓம்’ சொல்லி வந்தேன். அவர் எங்கள் உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளர். பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர். அவருடைய குடும்பத்தில் ஊரில் எவரும் இல்லை. பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் கழகத்துக்கு இணைய அங்கத்துவத் தளம் அமைப்பதென்று முடிவானது. வெளியில் உள்ள அங்கத்தவர்களும் ரசிகர்களும் தாங்களே பதிந்துகொண்டு ஆட்டம் பார்க்கலாம், நிர்வாகசபைக்கு வாக்களிக்கலாம். பழைய பதிவேடுகள் என்னிடம் இருந்ததால் படிவத்தை வடிவமைக்கும் வேலை எனக்கு வந்தது. தளத்தை எழுதியவர் யாழ்ப்பாணத்தில் ஓர் இளம்பெண். வாரத்தில் ஒருநாள் பஸ்ஸில் போய் அவருடைய கணனிக்குப் பக்கத்தில் இருப்பேன். மற்ற ஆறு நாட்களும் பேச்சுத்துணை பதிவேடுகள்தான்.

படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னேன்: நீங்கள் ஆடிய கடைசி ஆட்டம் எது? கேள்வி கூடினால் ஆட்கள் பாதியில் விட்டுவிடுவார்கள் என்றார் அவர். நான் விட்டுக்கொடுக்கவில்லை, காரணத்தைச் சொல்லவுமில்லை. அந்தக் கேள்வி ஒருவருக்காகவே வைத்தது.

தளம் திறந்த கிழமை அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, ஒரு ஃபோன்ல இருந்து நாலு பேர் பதிஞ்சிருக்கினம். பிழையான ஆக்களோ?”

பிழையான ஆட்கள் இல்லை. பக்கத்து இறுப்பிட்டியில் இருக்கும் ஒரு தாய், கனடாவில் உள்ள நான்கு மகன்களுக்கும் தானே பதிந்திருந்தார். நேரில் போய்க் கேட்டேன்.

“அவங்கள் வேலைக்குப் போயிருப்பாங்கள். நான் ஓம் எண்டால் காணும்தானே அண்ணை? நீங்களும் சொல்லுறனீங்கள்தானே?”

பதிவுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்திருந்தன. வெளியில் உள்ளவர்களுக்காகக் கட்டிய தளத்தில் ஊர்தான் நிறைந்திருந்தது.

கோல் காப்பாளருக்கு மட்டும் நான் பதியவில்லை. மாத முடிவுக்குள் பதியாத பெயர்கள் புதிய பட்டியலுக்கு வரா. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் நான் பதிந்துவிட்டால், என்றாவது அவரே வரும்போது ‘இப்பெயர் ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது’ என்று தளம் சொல்லும். அவருடைய இடத்தை நானே அடைத்ததாகிவிடும். காலையில் தேநீர் வைத்துவிட்டுப் பட்டியலைத் திறப்பேன். தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசி நாளுக்கு முதல்நாள் அவருடைய பெயர் இருந்தது. தொலைபேசி இலக்கம் இல்லை. மின்னஞ்சல் முகவரி மட்டும். கடைசி ஆட்டம்: ‘சுருவில். மழை. பாதியில் நின்றது.’

அது சரியான பதில்; சுருவில் என்ற ஊரில் ஆடிய ஆட்டம். அந்த ஆட்டத்துக்கு முடிவு இல்லாததால் கழகக் குறிப்பேட்டில் அது ஏறவே இல்லை. உடனே அந்தப் பெண்ணை அழைத்தேன்.

“எந்த நாட்டில இருந்து பதிஞ்சது எண்டு பார்க்க ஏலுமோ பிள்ளை?”

“ஏலாது ஐயா. விசா இல்லாத ஆக்கள் பயப்படுவினம், இடத்தைச் சேமிக்க வேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

சொன்னதுதான். அன்று பின்னேரம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அலுமாரியைத் திறந்து கழகத்தின் ஆண்டுவிழா மலரை எடுத்தேன். சுருவில் ஆட்டத்தைப் பற்றி, மழை தொடங்கிய நேரம் முதற்கொண்டு, ஒன்றரைப் பக்கம் நானே எழுதியிருக்கிறேன். மலர் ஊரில் வீட்டுக்கு வீடு போனது. நான் காத்திருப்பதைப் பார்த்து யாராவது இரங்கி அவருக்காக ஒரு ‘ஓம்’ சொல்லியிருக்கலாம். அந்தத் தாயிடம் கேட்க வாசல்வரை போய், கேட்காமல் திரும்பினேன்.

அந்த மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். திரும்பி வரவுமில்லை, பதிலுமில்லை. பதிவு கிடைத்த திகதியை என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். பதிந்தவர் அவர்தானா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.