குப்பைத் தொட்டியில் ஒரு ஸ்க்ரூட்டினி

சாப்பிடும்போது பல் செட்டைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிவைப்பது என் வழக்கம். அன்று காலை என் மருமகள் அதைக் குப்பை என்று நினைத்து, சிட்லபாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் இருக்கும் தொட்டியில் கொட்டிவிட்டாள். குப்பை வண்டியோ பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன்.

அசோசியேஷன் செக்ரட்டரி ஓடிவந்தார். அவர் ரிட்டயர்டு ஆடிட்டர்.

"என்னம்மா அசிங்கம் இது? படிச்சவங்க இருக்கற இடம். விட்டுட்டுப் போங்க."

"என் பல்லு உள்ள கீது சார். உட்டுட்டுப் போனா உங்க பல்லக் கழட்டிக் குடுப்பீங்களா?"

"பெரிய பெரிய கம்பெனி கணக்கையே ஸ்க்ரூட்டினி பண்ணவன்மா நான். என்கிட்டயே நக்கலா?"

காலேஜில் இங்கிலீஷ் படிக்கும் என் பேத்தி சிரித்துவிட்டாள்.

"அங்கிள், ஸ்க்ரூட்டினின்னா ஊன்றிப் பாக்கறதுதானே? லத்தீன்ல கந்தல், குப்பைங்கற சொல்லுல இருந்துதான் அது வந்துச்சுன்னு சொல்றாங்க. குப்பையைக் கிளறி ஒண்ணொண்ணா தேடறதுதான் ஸ்க்ரூட்டினி."

எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

"கேட்டுகினீங்களா சார்? கொஞ்சம் நவுந்து நில்லுங்க. ஸ்க்ரூட்டினி நடந்துகினு கீது."

வண்டி வாசலில் வந்து நின்றபோது, வாழைப்பழத் தோலுக்கு அடியில் பல் கிடைத்தது. கழுவி மாட்டிக்கொண்டு முதல் சிரிப்பை அவருக்கே கொடுத்தேன்.

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் முன்னால் இத்தனை காலம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். அவ்வளவு பெரிய வார்த்தையே குப்பையிலிருந்து எழுந்து வந்ததுதான் என்று தெரிந்த பிறகு, நான் பொத்துவதில்லை.